சத்தம் தெளிவாக இல்லை

ஜூன் 2

நினைவுத் தளத்தை நடத்துபவர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வீட்டுப் பெண்ணின் நினைவாக நீங்கள் தொடங்கியிருக்கும் இணையதளத்தின் முகவரியை எங்கள் விடுதிப் பெண் ஒருத்தி அனுப்பினாள். நானும் உங்கள் பெண்ணும் இரண்டு வருடம் ஒரே அறையில் இருந்தவர்கள். எனக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் குரல் ஒன்று என் போனில் இருக்கிறது. எனக்கு எல்லாம் அதை வைத்துத்தான்.

உங்கள் தளத்தைத் திறந்ததும் புல்லாங்குழல் ஆரம்பித்துவிடுகிறது. அந்தச் சத்தத்தில் என் போன் சொல்வது காதில் விழவில்லை. விழுந்த வரைக்கும், "படம், படம், படம்" என்று முப்பத்தொரு தடவை சொன்னது. மெழுகுவர்த்தி ஏற்றலாம் என்று போட்டிருக்கிறதாம். எனக்கு "பட்டன்" என்று மட்டும் வந்தது. துணிந்து அழுத்தினேன். நான் ரோபோ இல்லை என்று நிரூபிக்கச் சொன்னது. ஒன்பது படங்களில் எதிலெல்லாம் பேருந்து இருக்கிறது என்று கேட்டது. நான் அப்போது பேருந்தில்தான் உட்கார்ந்திருந்தேன். மூன்று முறை தோற்றேன். ஆக, உங்கள் தளத்தின் கணக்கில் நான் மனுஷியே இல்லை.

குறை சொல்ல எழுதவில்லை. அவள் முகம் எப்படி இருக்கும் என்று அவளிடமே பல தடவை கேட்டிருக்கிறேன். "ரொம்ப சுமார், விடு" என்பாள். ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஒரு வரி எழுதி வைக்க வழி இருக்கிறது. கண் தெரிந்தவர்களுக்கு அது தெரியாது. என் போன் மட்டும் அதைப் படிக்கும். யாராவது எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
மருத்துவமனை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்ப்பவள்,
மகளிர் விடுதி, அறை எண் 9


ஜூன் 4, இரவு 11.50

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை அப்பா பார்ப்பதற்கு முன்னால் நான் பார்த்துவிட்டேன். தயவுசெய்து இனிமேல் அந்த மின்னஞ்சல் முகவரிக்கு எழுதாதீர்கள். அது அப்பாவின் முகவரி. இது பள்ளிக்கூடத்தில் எனக்குக் கொடுத்தது. இதை யாரும் திறக்க மாட்டார்கள்.

நான் அவளுடைய தங்கை. பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். தளத்தைச் செய்தது நான்தான். அப்பா போட்டோக்களைக் கொடுத்து, "கம்ப்யூட்டர் படிக்கிறல்ல, செய்" என்றார். இணையத்தில் கிடைத்த டெம்ப்ளேட் ஒன்றில் படங்களைப் போட்டுவிட்டேன். கண் தெரியாதவர்கள் வருவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மன்னித்துவிடுங்கள். பேருந்து விஷயத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். அதற்கும் மன்னித்துவிடுங்கள்.

அப்பா போட்டோக்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறார். முன்னறை கடை, பின்னால் வீடு. யார் வீட்டில் யார் போனாலும் இங்கேதான் கண்ணாடி போடக் கொண்டுவருவார்கள். அக்காவுக்கு மட்டும் அவர் சட்டம் அறுக்கவில்லை. அதற்குப் பதிலாகத்தான் இந்தத் தளம் என்று நினைக்கிறேன்.

விடுதியில் இருப்பவர்களோடு பேசக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. நீங்கள் எல்லாரும்தான் அவளைக் கெடுத்தீர்களாம். அதனால்தான் ராத்திரி எழுதுகிறேன். அம்மாவுக்குக் காது கேட்காது, ஆனால் வெளிச்சம் தெரிந்தால் எழுந்துவிடுவாள். அப்பாவுக்கு வெளிச்சம் உறைக்காது, ஆனால் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டுவிடும். போர்வைக்குள் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாக அமுக்கி எழுதுகிறேன்.

படங்களுக்கு நான் எழுதுகிறேன். எப்படி எழுத வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

அவளுடைய தங்கை


ஜூன் 5

எலிக்கு,

நீ எலிதானே? அவள் உன்னை அப்படித்தான் சொல்வாள். எங்கள் விடுதியில் அவளுக்குப் பெயர் ரேடியோ. அணைக்கவே முடியாது. குளியலறையில் இருந்துகூட நாட்டு நடப்பு சொல்லிக்கொண்டிருப்பாள்.

எழுதுவது சுலபம். "அழகான படம்" என்று மட்டும் எழுதிவிடாதே, அதை வைத்து நான் என்ன செய்வது? யார் இருக்கிறார்கள், கை எங்கே இருக்கிறது, முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல். பக்கத்தில் நிற்பவளிடம் சொல்வதுபோல இரண்டு வரி போதும். தெரியாததைத் தெரியாது என்று எழுது. நீ எழுதுவதுதான் எனக்குக் கண். அவ்வளவுதான் விதி.

பயந்து பயந்து எழுதாதே. தூங்கவும் செய்.

எக்ஸ்சேஞ்ச் அக்கா


ஜூன் 19, இரவு 12.20

அன்புள்ள அக்கா,

முப்பத்தொன்றும் முடிந்தது. பட்டன்களுக்கும் பெயர் வைத்துவிட்டேன். ரோபோவைத் துரத்திவிட்டேன். சாம்பல் நிறத்தில் இருந்த எழுத்தைக் கறுப்பாக்கிப் பெரிதாக்கினேன். மூக்குக்கண்ணாடி போடுகிற பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "இப்பத்தாம்மா படிக்கவே முடியுது" என்றார்.

புல்லாங்குழலை எடுத்த அன்றைக்கு மாட்டிக்கொண்டேன். அப்பா காலையில் தளத்தைத் திறந்தார்.

"பாட்டு எங்க போச்சு?"

"நெட் ஸ்லோப்பா."

"நெட் ஸ்லோன்னா படந்தான வராது? படம் வருதே. பாட்டு மட்டும் எப்படிப் போகும்?"

"ரெண்டும் வேற வேற ஒயர்ப்பா."

வாயில் வந்ததை உளறினேன். அப்பா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "சரி பண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.  இப்போது பாட்டை, வேண்டுமென்றால் அழுத்திக் கேட்கும்படி ஒரு பட்டனாக வைத்திருக்கிறேன்.

எனக்குப் பிடித்தது ஒன்பதாவது படம். "அக்காவுக்குப் பதினான்கு வயது. சைக்கிள் ஓட்டுகிறாள், வாய் திறந்திருக்கிறது, ஏதோ கத்துகிறாள். பின்னால் கேரியரில் நான். நான் தெரியவில்லை, என் ஒரு கால் மட்டும் தெரிகிறது, அதில் செருப்பு இல்லை." அந்தச் செருப்பு வழியில் விழுந்துவிட்டது. அவள் திரும்பிப் போய் எடுக்கவில்லை. "கால் இருக்குல்ல, அது போதும்" என்றாள்.

அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு ஆறு மாதமாக இருக்கும்போது அம்மாவுக்குக் கடுமையான ஜுரம் வந்து காது போய்விட்டது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வாள். நான் பேசி அவள் கேட்டதே இல்லை. வாசல் மணியை அழுத்தினால் சமையலறையில் ஒரு பல்பு எரியும். அதைப் பொருத்தியது அக்காதான். தினமும் மத்தியானம் அந்தப் பல்புக்குக் கீழே உட்கார்ந்து, போனில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பாள். கடைசி நான்கு படங்களும் அக்கா வீட்டை விட்டுப் போவதற்கு ஒரு வாரம் முன்னால் எடுத்தவை. அதற்கப்புறம் இரண்டு வருடத்துக்கு ஒன்றுமே இல்லை. அங்கே வந்ததும் ஒவ்வொரு நாளும் ஒரே வார்த்தைதான்:

"ஒரு போன் பண்ணலியே பாவி மக. எனக்குக் கேக்காதுன்னாலும் பண்ணியிருக்கலாம்ல? சாகக் கெடக்கும்போதுகூட நம்ம நெனப்பு வரலியே அவளுக்கு."

அக்கா வீட்டை விட்டுப் போனதும் அம்மாவின் நம்பரை அப்பா மாற்றிவிட்டார். புது நம்பர் அக்காவுக்குத் தெரியாது. கடையும் வீடும் சேர்ந்து ஒரே டெலிபோன்தான், அது நடையில் இருக்கிறது. அது அடித்தால் நானோ அப்பாவோதான் எடுப்போம்.

எலி


ஜூன் 21

எலிக்கு,

நேற்று வேலை முடிந்து வந்து கதவைச் சாத்திக்கொண்டு முப்பத்தொன்றையும் கேட்டேன். திரும்பவும் முதலிலிருந்து கேட்டேன். ஆறு வயதில் முன்பல் இல்லை என்பது எனக்குத் தெரியாது. அவள் மூக்கு அப்பா மூக்கு என்பதும் தெரியாது. காலர் பட்டனை எப்போதும் கழுத்து வரை போடுவாள் என்று எழுதியிருந்தாய். ஆமாம். கட்டிலில் படுத்திருக்கும்போது அந்தப் பட்டனை நகத்தால் தட்டிக்கொண்டே இருப்பாள். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், அது எங்கிருந்து வந்தது என்று நேற்றுத்தான் தெரிந்தது.

நீங்கள் போட்டோ எடுத்து வைப்பதுபோல நான் குரல் எடுத்து வைப்பேன். மருத்துவமனையில் அவள் படுத்திருந்த மூன்றாம் நாள், என் போனை வாங்கி அவளே பேசிப் பதிவுசெய்த ஒன்று என்னிடம் இருக்கிறது. அது உன் அம்மாவுக்கு. இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. "எலிகிட்ட குடு, அவ எழுதி அம்மாகிட்ட காட்டுவா" என்றாள். எட்டு மாதம் நான் அனுப்பவில்லை. உங்கள் வீட்டின் மீது எனக்குக் கோபம் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். நீ எழுதிய முப்பத்தொரு படங்களைக் கேட்ட பிறகு அனுப்புகிறேன்.

தளத்தில் இதைப் போடு. கீழே அவள் பேசியதை வார்த்தைக்கு வார்த்தை எழுதிவிடு. அம்மா படிக்கட்டும். தனியாக இருக்கும்போது கேள். கடைசி வரை கேள்.

எக்ஸ்சேஞ்ச் அக்கா


ஜூன் 24, இரவு 1.05

அக்கா,

கேட்டேன். எழுதிவிட்டேன். எழுதியதை மட்டும் தளத்தில் போட்டுவிட்டேன். அப்பாவிடம், அக்கா வேலை பார்த்த இடத்திலிருந்து யாரோ அனுப்பினார்கள் என்று சொன்னேன். அவர் பதிவைக் கேட்கவில்லை, எழுதியதைப் படிக்கவும் இல்லை. "போடு" என்றார்.

போட்டது இதுதான்:

"அம்மா, இது உனக்குக் கேக்காதுன்னு தெரியும். எழுதறவளுக்கு வசதியா இருக்கட்டும்னு மெதுவாப் பேசறேன். எனக்குக் காய்ச்சல். பயந்துடாத, எறங்கிட்டு வருது. இங்க ஒருத்தி ராத்திரி பகலா காவல் இருக்கா, தொரத்தினாலும் போகமாட்டேங்கறா. சாப்பாட்டுல உப்பே இல்ல. ரெண்டு வருஷமா நானும் வீம்புலயே இருந்துட்டேன்மா. இன்னிக்கு உன் நெனப்பாவே இருக்கு. (இந்த இடத்தில் சத்தம் தெளிவாக இல்லை.) ஒடம்பு சரியானதும் நேரா வீட்டுக்கு வந்துடுவேன். அப்பா கதவத் தெறக்கலன்னா வாசல்லயே உக்காந்துடுவேன். பெல்ல அழுத்திக்கிட்டே இருப்பேன், உன் பல்பு பியூஸ் போற வரைக்கும்."

அம்மா இதைப் படித்துவிட்டுப் பல்பை நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நேரம் அழுதாள். அப்புறம், "வர்றேன்னு சொன்னவளுக்கு ஒரு போன் பண்ணத் தோணலியே" என்றாள்.

தேர்வு வருகிறது. கொஞ்ச நாள் எழுத முடியாது.

எலி


ஜூன் 26

எலிக்கு,

என் போன் நீ எழுதியதைப் படித்துச் சொன்னது. பதிவையும் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். இரண்டையும் சேர்த்துக் கேட்க என்னால்தான் முடியும் என்பதை நீ மறந்துவிட்டாய்.

அந்த இடத்தில் சத்தம் தெளிவாக இருக்கிறது. பதிவு முழுவதிலும் அந்த இடம்தான் மிகத் தெளிவு. பத்தொன்பது வருடமாகக் கரகரவென்று வரும் லைன்களில் பேசுபவர்களைப் புரிந்துகொள்வதுதான் என் வேலை. அந்த ஐந்து வாக்கியத்தில் ஒரு எழுத்துக்கூட எனக்குத் தப்பவில்லை. உனக்கும் தப்பியிருக்காது.

உன் அம்மா தினமும் என்ன சொல்கிறாள் என்று எனக்கு எழுதியது நீதான். அதற்குப் பதில் அந்த ஐந்து வாக்கியத்தில்தான் இருக்கிறது. அவளுக்கு அது வேறு எங்கேயும் கிடைக்காது. காது கேட்கிறவளாக இருந்தால் தானே கேட்டுக்கொண்டிருப்பாள். உன்னை நம்பித்தான் இருக்கிறாள்.

நானும் உன்னை நம்பித்தான் உன் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். நேற்றுப் பூராவும் ஒரே யோசனை. இந்தப் பிள்ளை ஒன்றை மறைத்திருந்தால், படங்களில் எதை எதை மாற்றி எழுதியிருப்பாள்? முன்பல் இல்லையா, உண்மையாகவே? அந்தக் கால் உன் கால்தானா? யாரிடம் போய்க் கேட்பேன் நான்?

நீ எழுதாவிட்டால் நான் உங்கள் வீட்டுக்கு எழுதப்போவதில்லை. அந்தப் பயம் வேண்டாம். ஆனால் அந்தத் தளத்தை நான் இனித் திறக்கமாட்டேன்.

எக்ஸ்சேஞ்ச் அக்கா


ஜூலை 9, இரவு 2.10

அன்புள்ள அக்கா,

பதின்மூன்று நாளாக எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் படங்களைச் சொல்லிவிடுகிறேன். முப்பதிலும் நான் எழுதியதுதான் இருக்கிறது. சத்தியம். இருபத்தெட்டாவது படத்தில் மட்டும் பொய். கல்யாணம் பேச வந்த அன்றைக்கு எடுத்தது. "அக்கா புதுத் துணியில் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்" என்று எழுதியிருந்தேன். அவள் சிரிக்கவில்லை. உதடு மட்டும் விரிந்திருக்கிறது. வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்திருக்கிறாள், அழுத்தின அழுத்தில் விரல் நுனியெல்லாம் வெளுத்திருக்கிறது. பின்னால் அப்பாவின் தோள் பாதி தெரிகிறது. ஒரு வாரம் கழித்து அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அப்பா அன்றைக்கே சொல்லிவிட்டார்: "இனிமே அவ பேச்ச யாரும் எடுக்கக்கூடாது. போன் வந்தா வெச்சிடணும். மீறினா இந்த வீட்டுல எடமில்ல." நேற்று அந்த வரியை மாற்றிவிட்டேன்.

இப்போது மற்றது. நீங்கள் பக்கத்திலேயே இருந்தீர்கள், உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

சாயங்காலம் ஏழு மணி இருக்கும். நான் நடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா கடையில் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தார். வைரமுனை கண்ணாடியில் ஓடும்போது ஒரு கீச்சுச் சத்தம் வரும், எங்களுக்குப் பழகிப்போன சத்தம். போன் அடித்தது. எடுத்து ஹலோ என்றேன். "எலி, நான்தான்" என்றாள். குரல் தேய்ந்திருந்தது. "அம்மா நல்லாருக்கா?" என்றாள்.

அப்போது கண்ணாடிச் சத்தம் நின்றுவிட்டது.

நான் "ராங் நம்பர்" என்றேன். வைத்துவிட்டேன்.

யோசித்துச் சொல்லவில்லை அக்கா. வாய் தானாகச் சொன்னது. வைத்துவிட்டு நகர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா, "யாரு?" என்றார். "ராங் நம்பர்ப்பா." "ம்" என்றார். கீச்சுச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. மறுபடி அடிப்பாள், அப்பா குளிக்கப் போகும்போது அடிப்பாள் என்று ராத்திரி வரைக்கும் நடையிலேயே உட்கார்ந்திருந்தேன். அடிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அதே போன் அடித்தது. அப்பாதான் எடுத்தார்.

அவளுக்கு உடம்பு சரியில்லை என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று எழுதச் சொன்னீர்கள்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. அம்மா தினமும் "ஒரு போன் பண்ணலியே" என்று சொல்லும்போது, நான் எதிரில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொள்வேன். உதடு தெரிந்தால்தானே அம்மாவுக்குக் கேட்கும்.

எழுதினால் அம்மா என்னை என்ன நினைப்பாள்? அப்பா என்ன செய்வார்? எழுதாவிட்டால் அம்மா சாகும்வரை அந்த ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருப்பாள். இரண்டில் எது என்று நீங்களாவது சொல்லுங்களேன்.

எலி


ஜூலை 11

எலிக்கு,

அந்த நம்பரைப் போட்டது நான்தான். அவள் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள், நான் அழுத்தினேன், ரிசீவரை அவள் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். நீ சொன்னது எனக்கும் கேட்டது. இத்தனை வருட வேலையில் ராங் நம்பர் போட்டவள் என்று என்னை யாரும் சொன்னதில்லை. அன்றைக்கு நீ சொன்னாய். மறுபடி போடுகிறேன் என்றேன். அவள் விடவில்லை. "வேணாம், புள்ள மாட்டிக்கும்" என்றாள். அப்புறம்தான் என் போனை வாங்கி அந்தப் பதிவைப் பேசினாள்.

உன் மேல் தப்பில்லை என்று எழுதினால் உனக்குத் தூக்கம் வரும். எனக்கு அப்படி எழுத வரவில்லை. உனக்குப் பதினைந்து வயது, பயந்துவிட்டாய். அதுவும் உண்மை. அவள் இரண்டு நாள் வாசல் பக்கம் யாராவது நடந்தால் "யாரு, யாரு" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதுவும் உண்மை.

எதைச் செய் என்று நான் சொல்லமாட்டேன். அவள் பேச்சு உன் கையில் இருக்கிறது.

இருபத்தெட்டாவது படத்தைக் கேட்டேன். அந்த மணிக்கட்டை எனக்குத் தெரியும். கோபம் வரும்போதெல்லாம் அதைப் பிடித்துக்கொள்வாள். பேசும்போது பேச்சு சட்டென்று நின்றால், பிடித்திருக்கிறாள் என்று கண்டுபிடித்துவிடுவேன்.

எக்ஸ்சேஞ்ச் அக்கா


ஆகஸ்ட் 3, இரவு 11.30

அன்புள்ள அக்கா,

ஜூலை இருபத்து மூன்றாம் தேதி எழுதிவிட்டேன். "சத்தம் தெளிவாக இல்லை" என்பதை எடுத்துவிட்டு, அவள் சொன்னதை அப்படியே போட்டேன்:

"வீட்டுக்குப் போன் பண்ணேன்மா. எலிதான் எடுத்தா. ராங் நம்பர்னு வெச்சிட்டா. அப்பா பக்கத்துல இருந்திருப்பாரு, பாவம், அவளக் கேக்காத. கொரல் அப்படியே உன் கொரலாட்டம் ஆயிடுச்சும்மா அவளுக்கு."

மத்தியானம் அம்மா வழக்கம்போலப் பல்புக்குக் கீழே உட்கார்ந்தாள். நான் எதிரில் நின்றேன். தலையைக் குனியவில்லை. படித்தாள். விரலால் கீழே இழுத்து மறுபடி படித்தாள். என்னை நிமிர்ந்து பார்த்து, "என் கொரலாட்டமா இருக்கு உனக்கு?" என்றாள்.

"தெரியலம்மா."

"அப்ப போன் பண்ணியிருக்கா."

"ஆமாம்மா."

"அம்மா நல்லாருக்காளான்னு கேட்டாளா?"

அது பதிவில் இல்லை, அக்கா. எப்படித்தான் தெரிந்ததோ. ஆமாம் என்றேன். அம்மா எழுந்து நேராகக் கடைக்குப் போனாள். அப்பாவுக்கு முன்னால் போனை நீட்டினாள். அப்பா படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.  அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"தெரியும்" என்றார். "அன்னிக்கே தெரியும். ராங் நம்பர்னா வெச்சிட்டுப் போயிடுவாங்க. இவ சுவத்தப் புடிச்சிக்கிட்டு நின்னா. மறுபடி அடிக்கும்னு நானும் உக்காந்திருந்தேன்."

அவர் குனிந்துகொண்டே சொன்னதால் அம்மாவுக்குப் புரியவில்லை. "என்ன சொன்னீங்க? மூஞ்சியக் காட்டித் திரும்பச் சொல்லுங்க" என்றாள். அப்பா தலையைத் தூக்கி முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் சொன்னார். மெதுவாக, உதடு தெரிய.

அன்றிலிருந்து அம்மா எங்கள் உதட்டைப் பார்ப்பதில்லை. நாங்கள் பேச வாயெடுத்தால் கண்ணை மூடிக்கொள்கிறாள். சத்தம் இல்லை, சண்டை இல்லை. சோறு வைக்கிறாள், துணி மடிக்கிறாள். பேச்சு மட்டும் கிடையாது. இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. "ஒரு போன் பண்ணலியே" என்பதும் நின்றுவிட்டது. நான் கேட்டது அதுதான். கிடைத்துவிட்டது.

நான் இரண்டு தடவை அந்த ஐந்து வாக்கியத்தையும் எடுத்துவிடப் போனேன். அப்பா பின்னால் வந்து நின்றார். ராத்திரி ஒரு மணி, விசைச் சத்தம் கேட்டுவிட்டது போல. "அது இருக்கட்டும்" என்றார்.  நான் யாருக்கு எழுதுகிறேன் என்று கேட்கவில்லை. போர்வை இல்லாமல் எழுதும் முதல் கடிதம் இது. ஆனாலும் பயமாகத்தான் இருக்கிறது.

உங்கள் கடிதங்களை எல்லாம் நேற்று அம்மாவின் போனுக்கு அனுப்பியிருந்தேன். இன்றைக்கு அம்மா ஒரு தாளை என் முன்னால் வைத்தாள். "அறை 9க்கு எந்தப் பேருந்து? ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன் என்று அவளுக்கு எழுது" என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே நான் எழுதினேன்: "நானும் வரட்டுமா? அவங்களுக்குக் கண் தெரியாது, உனக்குக் காது கேட்காது. நடுவில் ஒருத்தர் வேண்டாமா?"

அம்மா பேனாவை வாங்கி எழுதினாள்: "வேண்டாம். நான் பேசுவேன். அவள் போனில் எழுதிக் காட்டுவாள்."

சரிதானே. எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

பதினோரு மணிக்குள் வந்துவிடுவாள். வெளிர் நீலப் பை வைத்திருப்பாள். உங்களுக்கு அது எதற்கு, மறந்துவிட்டேன். இடது செருப்பில் வார் தளர்ந்திருக்கிறது, படியில் ஏறும்போது ஒரு காலுக்கு மட்டும் சத்தம் வரும். அதுதான் அம்மா. தன் குரல் தனக்குக் கேட்காததால் சில நேரம் கத்துவாள், கோபம் என்று நினைக்காதீர்கள். சில நேரம் பாதி வார்த்தை உள்ளேயே போய்விடும். அப்போது கையைத் தொட்டால் திரும்பச் சொல்வாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அம்மா போன பிறகு எனக்கு எழுதுங்கள். என்ன பேசினாள் என்று வேண்டாம், அது உங்களுக்குள் இருக்கட்டும். குரல் எப்படி இருந்தது என்று மட்டும். பதினோரு நாளாக அது எங்கள் வீட்டில் இல்லை. நன்றாக இருந்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அதை வைத்து நான் என்ன செய்வது? எந்த இடத்தில் நின்றது, எந்த இடத்தில் உடைந்தது, என்னைப் பற்றி வந்தபோது என்ன ஆயிற்று என்று, பக்கத்தில் நிற்பவளிடம் சொல்வதுபோல எழுதுங்கள்.

இரண்டு வரி போதும்.

எலி